சாமி கும்பிட்டு எந்திரிச்சதும் வாய்ல வர்ற முதல் வார்த்தை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வர்ற ஆன்மிகப் பக்கத்த ரொம்ப வருஷமா விடாம படிச்சிட்டு வர்றேன், பேப்பர் வந்ததும் கை மொதல்ல அந்தப் பக்கத்துக்குத்தான் போகும். எந்த நாள் என்ன விசேஷம், எந்தப் பாட்ட எத்தன தடவ சொல்லணும், விரதம்னா எப்படி இருக்கணும்னு எல்லாம் போடுறீங்க, எல்லா மதத்துக்கும் எடம் குடுக்குறீங்க, அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா ஒரு விஷயத்த பத்தி மட்டும் அங்க படிச்சதா ஞாபகமே இல்ல. சாமி கும்பிட்டு எந்திரிச்ச ஒரு மனுஷன் அடுத்த நிமிஷம் பக்கத்துல இருக்கறவங்ககிட்ட எப்படி பேசுறான்ங்கறதுதான் அது. அதையும் பக்தியோட கணக்குல சேக்கணும்னு சொல்லத்தான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

என் கதையிலருந்தே ஆரம்பிக்கிறேன். எனக்கு காலைல ஒரு மணி நேரம் பிரார்த்தனை பண்ற பழக்கம் இருபது வருஷத்துக்கு மேல இருக்கு, ஒடம்பு சரியில்லாத நாள்ல கூட விட்டதில்ல, அதுல எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமையும் இருந்துச்சு. எங்க அம்மாவுக்கு கடைசி நாலு வருஷம் அல்சைமர், மறதி நோய். அப்பா போயி பல வருஷம் ஆச்சு, ஆனா அம்மா தெனமும் "அப்பா வந்துட்டாங்களா"ன்னு கேப்பாங்க, அதுவும் நான் கண்ண மூடி உக்காந்திருக்கற நேரமா பாத்து வந்து கதவ தள்ளி கேப்பாங்க, பதில் சொன்னா போயிருவாங்க, அஞ்சு நிமிஷத்துல திரும்ப வருவாங்க, திரும்ப அதே கேள்வி. மொதல்ல பொறுமையா சொன்னேன், அப்புறம் சத்தமா சொன்னேன், அப்புறம் ஒரு நாள் "சாமி கும்பிட்டுட்டு இருக்கேன்ல, கொஞ்ச நேரம் சும்மா இருக்க மாட்டியா"ன்னு கத்திட்டு எந்திரிச்சு போய் கதவ சாத்தி தாழ்ப்பாள் போட்டுட்டேன். திரும்ப வந்து உக்காந்து விட்ட வரியிலருந்து சொல்ல ஆரம்பிச்சேன், கருணைக் கடலேன்னு கடவுள கூப்பிடுற வரி. அந்தப் பக்கம் அம்மா கதவுல கைய வச்சிட்டு நின்னுட்டே இருந்தது எனக்கு தெரியும், தெரிஞ்சேதான் சொன்னேன். அப்போ ஒண்ணுமே உறுத்தல சார், அதான் இப்போ நெனச்சா தாங்க முடியல.

அம்மாவ பாத்துக்க ஒரு அம்மா பகல்ல வருவாங்க. எங்க மதம் இல்ல, அவங்க மதத்துலயும் பெருசா வழிபாடு அது இதுன்னு போற ஆளு இல்ல. அதே கேள்விய அவங்ககிட்ட கேட்டா அவங்க ஒரு தடவ கூட "அவர்தான் போயிட்டாரே"ன்னு சொல்ல மாட்டாங்க, வந்துருவார்னு பொய்யும் சொல்ல மாட்டாங்க, "அப்பா எப்படி இருப்பாங்க, சொல்லுங்கம்மா கேப்போம்"னு பக்கத்துல உக்காருவாங்க. அம்மா மொகம் அப்படியே மலர்ந்துரும். அப்பா ஒசரம், அப்பா நடக்கற நடைன்னு சொல்லிட்டே போவாங்க, சொன்னதையே பத்து தடவ சொன்னாலும் இவங்க புதுசா கேக்கற மாதிரியே கேப்பாங்க. நான் உள்ள உக்காந்து கடவுள தேடிட்டு இருந்தேன், அவரு வெளிய ஹால்ல அந்த ரெண்டு சேருக்கு நடுவுல இருந்திருக்காரு. இத நான் சும்மா எழுத்துக்காக சொல்லல, நெஜமாவே அப்படித்தான் நம்புறேன்.

"அவங்களுக்குத்தான் ஒடனே மறந்துருமே, நீங்க கத்துனது ஞாபகமா இருக்கப் போகுது"ன்னு அப்போ நெறைய பேரு எனக்கு சமாதானம் சொன்னாங்க, நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டேன். அம்மா போனதுக்கு அப்புறம் ஒரு ஆராய்ச்சிய பத்தி படிச்சேன். 2014ல வெளியானது, அமெரிக்காவுல அயோவா பல்கலைக்கழகத்துல பண்ணது. அல்சைமர் இருக்கற 17 பேரு, இல்லாதவங்க 17 பேரு, ரெண்டு கூட்டத்துக்கும் சோகமான சினிமா காட்சி, சந்தோஷமான சினிமா காட்சின்னு போட்டு காட்டிருக்காங்க. கொஞ்ச நேரத்துல நோய் இருக்கறவங்களுக்கு என்ன பாத்தோம்ங்கறது பெரும்பாலும் மறந்து போச்சு, ஆனா அது குடுத்த சோகம் போகல, அப்படியே மனசுல தங்கி இருந்துச்சு, அதுலயும் யாருக்கு காட்சி ரொம்ப மறந்துச்சோ அவங்களுக்குத்தான் அந்த சோகம் இன்னும் அதிக நேரம் இருந்துச்சாம். இத படிச்சப்போ பேப்பர கீழ வச்சிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். நான் கத்துனது அம்மாவுக்கு மறந்திருக்கும், ஏன் அழுகை வருதுன்னே தெரியாம அந்த காலைப்பொழுது பூரா ஒரு பாரத்தோட அவங்க உக்காந்திருந்திருப்பாங்க. நாவினால் சுட்ட வடு ஆறாதுன்னு பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குனவன்தான் நானும்.

அதுக்கு அப்புறம்தான் ஒரு கேள்வி வந்துச்சு, இவ்வளவு வருஷம் சாமி கும்பிட்ட எனக்கு இது ஏன் தெரியாம போச்சு, சொல்லித் தரலையா, இல்ல சொன்னத நான் கேக்கலையான்னு. தேடிப் பாத்தா, சொல்லாத எடமே இல்ல சார். நான்தான் கேக்கல.

எங்கூட வேல பாத்த நண்பர் ஒருத்தர், அஞ்சு வேளையும் தவறாம தொழுகறவர், அவர்கிட்ட இதப் பத்தி மனசு விட்டு பேசுனப்போ குர்ஆன்ல 107வது அத்தியாயத்த எடுத்து அர்த்தம் சொன்னாரு. மொத்தமே ஏழு வசனம்தான். அனாதையா நிக்கற பிள்ளைய வெரட்டுறவன், ஏழைக்கு சாப்பாடு போடச் சொல்லி அடுத்தவங்கள தூண்டாதவன், அவன்தான் மார்க்கத்த பொய்யாக்குறவன்னு ஆரம்பிச்சு, அடுத்து வர்றதுதான் எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு, தொழுகறவங்களுக்கு கேடுதான்னு வருது! தொழாதவங்களுக்கு இல்ல, தொழுகறவங்களுக்கு. எந்த மாதிரி தொழுகறவங்கன்னா, தொழுகையில கவனம் இல்லாதவங்க, ஊருக்கு காட்டுறதுக்காக செய்யறவங்க, அல்மாஊன கூட குடுக்காம தடுக்கறவங்க. மாஊன்னா என்னன்னு கேட்டேன், பக்கத்து வீட்டுக்காரங்க இரவலா கேக்கற சின்னச் சின்ன பொருள், பாத்திரம், வாளி, கோடாலி மாதிரின்னு பழைய விளக்கவுரைகள்ல சொல்லிருக்காம். அந்த அத்தியாயத்துக்கு பேரே அதுதான். ஒரு வேதத்துல ஒரு அத்தியாயத்துக்கு இரவல் வாளியும் பாத்திரமும் பேரா இருக்குன்னா அது எவ்வளவு பெரிய விஷயம், யோசிச்சு பாருங்க. அவரே இன்னொண்ணும் சொன்னாரு, ஈமானுக்கு, அதாவது இறைநம்பிக்கைக்கு, அறுபது எழுபது சொச்சம் கிளை இருக்குன்னு நபிகள் சொல்லிருக்காங்க, மேல இருக்கறது இறைவன் ஒருவனேங்கற கலிமா, கடைசி கிளை என்னன்னா பாதையில கெடக்கற, அடுத்தவங்களுக்கு தொந்தரவா இருக்கற ஒரு பொருள எடுத்து ஓரமா போடுறது. கடைசிதான், ஆனா அதே மரத்துல இருக்கற கிளை. நாம அத மரத்துலயே சேக்கறதில்லங்கறதுதான் என் வருத்தம்.

பைபிள்ல நல்ல சமாரியன் கதை எல்லாருக்கும் தெரியும், கொள்ளக்காரங்க அடிச்சு வழில போட்டவர கோயில் ஊழியம் பண்றவங்களே பாத்தும் விலகிப் போயிர, சமாரியன்ங்கற வேத்து இனத்து ஆளு நின்னு காப்பாத்துன கதை. அத விட மத்தேயு அஞ்சாம் அதிகாரத்துல ஒரு எடம் எனக்கு ரொம்ப நெருக்கமா இருக்கு. பலிபீடத்துக்கிட்ட காணிக்க குடுக்க வந்து நிக்கற, அந்த நேரம் பாத்து உன் சகோதரனுக்கு உன் மேல ஏதோ மனத்தாங்கல் இருக்குன்னு ஞாபகம் வருது, அப்போ காணிக்கைய அங்கயே பீடத்துக்கு முன்னாடி வச்சிட்டு மொதல்ல போய் அவன்கூட சமாதானம் ஆகு, அப்புறமா வந்து குடுன்னு இயேசு சொல்றாரு. இத அவரு சொல்றது கலிலேயாவுல, பலிபீடம் இருக்கறது எருசலேம்ல, நடந்து போகணும்னா பல நாள் ஆகற தூரம். கேட்டுட்டு இருந்த ஜனங்களுக்கு அது எப்படி பட்டிருக்கும்! அவ்வளவு தூரம் நடந்து வந்து வரிசைல நின்னு பீடத்துக்கிட்ட வந்தாச்சு, இப்போ திரும்பி வீட்டுக்கு போன்னா? போகத்தான் சொல்றாரு. நானா இருந்தா காணிக்கைய போட்டுட்டு அப்புறமா பாத்துக்கலாம்னு இருந்திருப்பேன், பெரும்பாலும் நாம எல்லாருமே அப்படித்தான்.

புத்தர் கதை ஒண்ணு இருக்கு, பௌத்த துறவிகளோட ஒழுங்குமுறை நூல்ல வர்றது. ஒரு துறவி வயித்துப்போக்கு வந்து, எந்திரிக்க முடியாம தன்னோட அசுத்தத்துலயே கெடக்காரு. புத்தரும் அவரோட சீடர் ஆனந்தரும் அந்தப் பக்கம் வர்றாங்க. உன்ன பாத்துக்க யாரும் இல்லையான்னு கேட்டா, நான் மத்தவங்களுக்கு ஒண்ணும் செய்யறதில்ல, அதனால அவங்களும் என்ன பாத்துக்கறதில்லன்னு சொல்றாரு. புத்தர் ஆனந்தர விட்டு தண்ணி கொண்டு வரச் சொல்லி, தானே தண்ணி ஊத்துறாரு, ஆனந்தர் கழுவி விடுறாரு, ஒருத்தர் தலைப்பக்கம் ஒருத்தர் கால்பக்கம் புடிச்சு தூக்கி கட்டில்ல படுக்க வைக்கறாங்க. அப்புறம் மத்த துறவிங்கள எல்லாம் கூப்பிட்டு, உங்களுக்கு இங்க அம்மா இல்ல அப்பா இல்ல, ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கலன்னா வேற யாரு பாத்துப்பாங்க, எனக்கு பணிவிட செய்ய நெனக்கறவன் நோயாளிக்கு செய்யட்டும்னு சொல்றாரு. அந்தத் துறவிங்க யாரும் கெட்டவங்க இல்ல, எல்லாத்தையும் விட்டுட்டு ஞானம் தேடி வந்தவங்கதான். அவங்களுக்கே அடுத்த அறையில கெடக்கறவன் கண்ணுல படல.

நம்ம திருமூலர் சொன்னத சொல்லாம இருக்க முடியல. யாவர்க்குமாம் இறைவற்கு ஒரு பச்சிலைன்னு ஆரம்பிக்கற பாட்டு. சாமிக்கு ஒரு எல போடுறது எல்லாராலயும் முடியும், பசுவுக்கு ஒரு வாய் புல்லு எல்லாராலயும் முடியும், சாப்பிடும்போது ஒரு கைப்பிடி அடுத்தவனுக்கு எடுத்து வைக்கறது எல்லாராலயும் முடியும், கடைசியா பிறருக்கு ஒரு நல்ல வார்த்தை, இன்னுரை, அதுவும் எல்லாராலயும் முடியும்னு முடிக்கறாரு. இத எல்லாரும் எளிமையான பக்தின்னு மேற்கோள் காட்டுவாங்க. எனக்கு அதுல படுறது வேற. எல, புல்லு, சோறு, அப்புறம் வார்த்தை, எல்லாத்தையும் ஒரே வரிசைல வச்சிருக்காரு பாருங்க, வார்த்தைய தனியா ஒழுக்கம்னு பிரிச்சு வேற எடத்துல வைக்கல. எலை மாதிரியே அதுவும் அர்ச்சனதான். வள்ளுவர் இன்னும் ஒரு படி மேல போய், மனசு நெறஞ்சு அள்ளிக் குடுக்கறத விட மொகம் மலர்ந்து இனிமையா பேசுறது நல்லதுங்கறாரு. அள்ளிக் குடுக்கறது நம்மள்ல நெறைய பேருக்கு வரும், கல்வெட்டுல பேரு போடுவாங்கன்னா சீக்கிரமே வரும், மலர்ந்த மொகம்தான் வர மாட்டேங்குது.

சரி, இவ்வளவு சொல்லியும் ஏன் நமக்கு வரல? நாம போலி, வேஷம் போடுறோம்னு சிலர் சொல்வாங்க. நான் அப்படி நெனக்கல. என் பிரார்த்தன வேஷம் இல்ல, அத நான் சத்தியமா சொல்லுவேன். எனக்கு இதுக்கு பதில் கெடச்சது இன்னொரு ஆராய்ச்சில, பழசு, 1973ல வெளியானது. டார்லி, பேட்சன்னு ரெண்டு மனோதத்துவ ஆளுங்க, பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரில பாதிரியாருக்கு படிக்கற 40 மாணவர்கள வச்சு பண்ணாங்க. ஒவ்வொருத்தரையா ஒரு கட்டடத்துலருந்து இன்னொரு கட்டடத்துக்கு போய் ஒரு சின்ன பேச்சு பேசணும்னு அனுப்புறாங்க, பாதி பேருக்கு தலைப்பே அந்த நல்ல சமாரியன் கததான். போற வழில ஒரு ஆளு வாசல்ல சரிஞ்சு விழுந்து இருமிட்டு மொனகிட்டு கெடக்காரு, அவரு இவங்க ஏற்பாடு பண்ண ஆளு. நேரம் இருக்கு, மெதுவா போங்கன்னு சொல்லி அனுப்புனவங்கள்ல 63 சதவீதம் பேரு நின்னு உதவிருக்காங்க, சரியான நேரம்னு சொல்லி அனுப்புனவங்கள்ல 45 சதவீதம், லேட் ஆயிருச்சு சீக்கிரம் ஓடுங்கன்னு சொல்லி அனுப்புனவங்கள்ல வெறும் 10 சதவீதம். சமாரியன் கதைய பத்தி பேசப் போறவங்களா இல்லையாங்கறது பெரிய வித்தியாசம் ஒண்ணும் பண்ணல. அந்தக் கதைய பத்தி பேசப் போற அவசரத்துல சிலர் கீழ கெடந்தவர தாண்டியே போயிருக்காங்க சார், காலு வச்சு தாண்டி.

இத படிச்சு யாரும் அவங்கள திட்ட வேணாம். அங்க ஒருத்தர் அவங்களுக்காக காத்துட்டு இருக்காரு, குடுத்த வாக்க காப்பாத்தணும்னுதான் ஓடுனாங்க, அதுவும் நல்ல எண்ணம்தான். எனக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்குள்ள முடிச்சு கெளம்பணும்ங்கற அவசரம்தான், அம்மா மேல கோவம்னு ஒண்ணு இல்லவே இல்ல. நமக்கு பக்தி கம்மின்னோ மனசு கல்லுன்னோ நான் சொல்ல மாட்டேன். நேரத்துல இடைவெளியே வைக்காம இருக்கோம், அவ்வளவுதான். வழிபாட்டு எடத்துலயே பாருங்க, உள்ள போகணும்ங்கற அவசரத்துல ஊனுகோல் புடிச்சிட்டு மெதுவா போற வயசானவங்கள முழங்கையால தள்ளிட்டு போறோம், கூட்டத்த சமாளிக்கற தொண்டருங்க "நகருங்க நகருங்க"ன்னு கத்துற கத்துல பக்கத்துல இருக்கற கைக்கொழந்த அழுகுது. அவங்களும் சம்பளம் வாங்காம சேவன்னு வந்தவங்கதான், அதே வார்த்தைய கொஞ்சம் மெதுவா சொல்லலாம்னு யாரும் அவங்களுக்கு சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க.

இத சொன்னா ஒடனே ரெண்டு பதில் வரும். ஒண்ணு, நல்லவனா இருந்தா போதும்னா அப்புறம் சாமி எதுக்கு, பிரார்த்தன எதுக்குன்னு. நான் போதும்னு சொல்லல. அம்மா போன பிறகு என்ன தாங்கிப் புடிச்சது அந்தப் பிரார்த்தனதான், அது இல்லன்னா குற்ற உணர்ச்சியிலயே மூழ்கிப் போயிருப்பேன், இந்த லெட்டர எழுதுற தைரியமும் வந்திருக்காது. ஆனா பிரார்த்தனைல கெடைக்கற அமைதி ரூம விட்டு வெளிய வர்றதுக்குள்ள தீந்து போச்சுன்னா அது யாருக்கு உபயோகம்? இன்னொரு பதில், ரொம்ப அன்பா இருந்தா ஏறி மிதிச்சிருவாங்கன்னு. உண்மதான், மிதிப்பாங்க சிலர். அன்புன்னா தப்புக்கெல்லாம் தலையாட்டுறதுன்னு நான் சொல்லல, முடியாதுன்னு சொல்ல வேண்டிய எடத்துல முடியாதுன்னு சொல்லணும், அத மரியாதையா சொல்லலாம், மொகத்த பாத்து சொல்லலாம்.

இன்னொண்ணு இருக்கு, எழுத கொஞ்சம் தயக்கமாத்தான் இருக்கு. நாம அன்பு காட்டுறது பெரும்பாலும் நம்ம ஆளுங்களுக்குத்தான். அந்த சமாரியன் கதைல ஒரு நுணுக்கம் இருக்கு, யூதருக்கும் சமாரியருக்கும் ஆகவே ஆகாது, கதைய முடிச்சிட்டு இதுல அயலான் யாருன்னு இயேசு கேக்கும்போது, கதைய கேட்டுட்டு இருந்த நியாயசாஸ்திரி, அதாவது யூத வேதச் சட்டம் படிச்சவன், சமாரியன்னு வாய்விட்டு சொல்லல, இரக்கம் காட்டினவன்னு மட்டும் சொல்றான். பேரு சொல்ல நாக்கு வரலன்னுதான் எனக்கு தோணுது. நபிகள்கிட்ட இஸ்லாத்துல செறந்தது எதுன்னு ஒருத்தர் கேட்டப்போ, பசிச்சவனுக்கு சாப்பாடு போடுறது, தெரிஞ்சவங்களுக்கும் தெரியாதவங்களுக்கும் சலாம் சொல்றதுன்னு பதில் வந்துச்சாம், இதுவும் அந்த நண்பர் சொன்னதுதான். தெரியாதவங்களுக்கும்ங்கற வார்த்தைலதான் எல்லாமே இருக்கு. லிஃப்ட்ல நம்மகூட வர்றவரு, ஆஸ்பத்திரி வரிசைல ஃபைல நெஞ்சோட அணைச்சிட்டு எந்த ரூம்னு தெரியாம முழிக்கறவரு, நம்ம வாசல கூட்டிட்டு போற ஆளு, இவங்க எந்த மதம்னு தெரியறதுக்கு முன்னாடியே செய்யற ஒண்ணு இருக்குல்ல, அந்த ஒரு நிமிஷத்த பத்தித்தான் பேசுறேன்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஆன்மிகப் பக்கத்துல வாரத்துக்கு ஒரு தடவ ஒரு சின்ன பெட்டி ஒதுக்குங்க. பெரிய கட்டுரை எதுவும் வேணாம், வாசகர்கள்கிட்ட கேளுங்க, இந்த வாரம் யாரு உங்ககிட்ட அன்பா நடந்துக்கிட்டாங்கன்னு. நாம பண்ணத எழுதச் சொல்ல வேணாம், அது வெளம்பரமாயிரும், நமக்கு கெடச்சத மட்டும் எழுதச் சொல்லுங்க, ஊரு பேரு மதம் எதுவும் போட வேணாம். மொதல் வாரத்துக்கு நானே எழுதி அனுப்புறேன், "அப்பா எப்படி இருப்பாங்க, சொல்லுங்கம்மா"ன்னு கேட்ட அந்த அம்மாவ பத்தி. அவங்களுக்கு நான் ஒழுங்கா ஒரு நன்றி கூட சொல்லல.

இப்போ நான் காலைல உக்காரும்போது கதவ சாத்தறதில்ல. மாமனார் எங்ககூடதான் இருக்காரு, எண்பது தாண்டிருச்சு, காது சரியா கேக்காது, நான் கண்ண மூடுற நேரமா பாத்து கண்ணாடிய காணோம்னு சத்தம் போடுவாரு. நேத்து மூணு தடவ எந்திரிச்சு போனேன். மூணாவது தடவ கண்ணாடி அவரு தலைலயே இருந்துச்சு, எடுத்து தொடச்சு மாட்டி விட்டேன், என் மொகத்த கொஞ்ச நேரம் பாத்துட்டு கன்னத்துல தட்டிக் குடுத்தாரு. அப்புறம் வந்து உக்காந்து விட்ட வரியிலருந்து ஆரம்பிச்சேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்